நவமி அன்னைக்குக் கடலுக்குப் போனோம்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீ கலக்கி வச்சுக்கிட்டுப் படிங்க.

போன வாரம் நான் போட்ட மீன் படத்தைப் பார்த்துட்டு இருபது பேருக்கு மேல மெசேஜ் அனுப்பிட்டீங்க. "அண்ணே, எந்த போட்?", "தெக்கோங் நம்பர் கொடுங்க", "அடுத்த தடவை எங்களையும் சேர்த்துக்குங்க". ஒரு அம்மா மட்டும், "கோயில் வேலை செய்யறவங்க மீன் பிடிக்கப் போகலாமா தம்பி?"ன்னு கேட்டிருந்தாங்க. தனித்தனியா பதில் எழுத நேரம் இல்ல. அதான் எல்லாருக்கும் சேர்த்து இங்கே.

அந்த அம்மாவுக்கு முதல்ல சொல்லிடறேன். நம்ம கோயில் கும்பாபிஷேகம் ஆனி மாசம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதுக்குப் பிறகு 48 நாள் மண்டலாபிஷேகம். அந்த 48 நாளும் நம்ம இளைஞர் அணிப் பசங்க சுத்த சைவம். வேலை விட்டா நேரா கோயில். அன்னதானப் பாத்திரம் கழுவுறது, கார் பார்க்கிங் பார்க்கிறது, தண்ணிக் குழாய் உடைஞ்சா அதையும் அவனுங்களே ஒட்டுறது. நாப்பதாவது நாளே ஒருத்தன் காதுக்குள்ள வந்து, "அண்ணே, இது முடிஞ்சதும் மீன்"ன்னான். பசார்ல வாங்கிக்கலாம்னா, வேணாமாம். நாமே போய் பிடிச்ச மீன்தான் வேணுமாம். 48 நாள் உழைச்ச பசங்க கேட்கிறானுங்க. எனக்கும் ஆசை இல்லாம இல்ல.

ஆனா நாள் கிடைக்கணுமே. மண்டலாபிஷேகம் முடிஞ்சது ஆவணி முதல் வாரம். செப்டம்பர் 17 ஆனா புரட்டாசி பிறந்துடும், அப்புறம் தீபாவளி வரைக்கும் இந்தப் பேச்சே எடுக்க முடியாது. நடுவுல விநாயகர் சதுர்த்தி வேற. பஞ்சாங்கத்தைப் புரட்டினா, மெர்டேக்கா ஞாயித்துக்கிழமை விழுந்ததால திங்களும் லீவு, அன்னைக்கு வளர்பிறை நவமி. எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துடுச்சு.

ஏன்னு சொல்றேன். அஷ்டமி, நவமின்னா நம்ம ஆளுங்க நல்ல காரியம் எதுவும் வைக்க மாட்டாங்க. ஹால் காலியா இருக்கும், கோயிலுக்கு யாரும் கல்யாண தேதி கேட்டு வர மாட்டாங்க. ஆனா கடல்ல தூண்டி போடுறவங்களுக்கு அதுதான் நல்ல நாள். அமாவாசை, பௌர்ணமிக்கு சூரியனும் சந்திரனும் ஒரே நேர்க்கோட்டுல நின்னு தண்ணியை இழுக்கும். பெரிய ஏத்தம், பெரிய வத்தம். மலாக்கா நீரிணை மாதிரி ஒடுக்கமான இடத்துல அந்தத் தண்ணி ஆறு மாதிரி ஓடும். எவ்வளவு ஈயம் கட்டினாலும் தூண்டி அடிக்குப் போகாது, பக்கவாட்டுல பறக்கும். அரை நிலா நாள்ல ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறதால ஏத்த இறக்கம் கம்மி. அஷ்டமிக்கு அடுத்த ரெண்டு மூணு நாள் நீரோட்டம் சோர்ந்து கிடக்கும். மலாய்க்காரங்க இதை "ஆயிர் மாத்தி"ன்னு சொல்வாங்க, செத்த தண்ணி. தெக்கோங்குக்குப் போன் போட்டு நான் தேதியைச் சொன்னதும் அவர், "எட்டு ஹாரி பூலான், ஓகே"ன்னார். அவர் கணக்கு அவர் மாசத்துப் பிறை எட்டு, என் கணக்கு நவமி. ரெண்டும் ஒரே நிலா.

பங்கோர் காளியம்மன் கோயில் மாசி மகத்துக்குப் போறவங்க ஒண்ணு கவனிச்சிருக்கலாம். பௌர்ணமி ஒட்டி வர்றதால ஃபெரி ஜெட்டியில தண்ணி ஒரு நேரம் பலகையைத் தொடும், இன்னொரு நேரம் கால்வாய் மாதிரி இறங்கிக் கிடக்கும். நம்ம சித்தியவான் ஆளுங்க பாதிப் பேருக்குக் கடல் பழக்கம் அந்த ஃபெரியோட சரி. தோட்டத்துல இருந்தப்ப கால்வாய்ல கெளுத்தி, விரால் பிடிச்ச ஜாதி நாம. கடல் பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர்ல இருந்தும் பால்மரக் காட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பார்க்காமலே ஒரு தலைமுறை போயிடுச்சு.

இதுக்கு முன்னாடி இன்னொருத்தர் கிட்ட நான் அனுமதி வாங்க வேண்டியிருந்துச்சு. நம்ம கோயில்ல பூ கட்டுற அக்கா. பழைய ஆளுங்களுக்குத் தெரியும், பதினோரு வருஷத்துக்கு முன்ன அவங்க தம்பி கடல்ல போயிட்டான். சின்ன போட், நாலு பேர், காத்து மழையில கவிழ்ந்து மூணு பேர் திரும்பி வந்தாங்க. லைஃப் ஜாக்கெட் போட்டில் இருந்துச்சு, ஐஸ் பெட்டிக்கு அடியில. உடம்புல இல்ல. அந்த அக்கா எல்லா அமாவாசைக்கும் ஒரு விளக்கு போடுவாங்க, யாரிடமும் எதுவும் பேச மாட்டாங்க.

அவங்க கிட்ட சொல்லாமப் போக எனக்கு மனசு வரல. சொன்னேன். கொஞ்ச நேரம் நாரைக் கையில சுத்திக்கிட்டே இருந்தாங்க. "போங்க. ஆனா ஏறின உடனே அஞ்சு பேரும் ஜாக்கெட் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பணும். இறங்கின உடனே போன் பண்ணணும். ரெண்டு மணின்னா ரெண்டு மணிக்கு." அவ்வளவுதான்.

அஞ்சு பேர்னா, நான், பசங்க மூணு பேர், எங்க மாமா. மாமாவுக்கு 62 வயசு. தோட்டத்துல பால் வெட்டினவர், பிறகு செம்பனையில குலை தள்ளினவர். "எனக்கும் ஒரு தடவை பார்க்கணும்டா"ன்னு அவரே கேட்டார்.

விடியக்காலை நாலரைக்கு லுமுட் பக்கம் ஜெட்டிக்குப் போனா, தெக்கோங் போட்டுல ஏறாம சிமெண்டுத் திண்ணையில உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். ஐம்பத்தஞ்சு வயசிருக்கும், மலாய்க்காரர், பங்கோர்ல பிறந்து வளர்ந்தவர். மேற்கே வானத்தைக் காட்டினார். ஒண்ணும் தெரியல, ஒரே இருட்டு. ஆனா நட்சத்திரம் பாதி வானத்துலதான் இருந்துச்சு, மீதிப் பாதியில இல்ல.

இந்த மாசங்கள்ல நம்ம பக்கம் வர்ற காத்துக்கு "சுமத்ரா"ன்னே பேர். ராத்திரி சுமத்ரா பக்கமும் நீரிணைக்கு மேலயும் இடி மேகம் கூடி, வரிசை கட்டி, விடியக்காலையில நம்ம கரையைத் தாக்கும். அரை மணி, ஒரு மணி நேரம் அடிச்சுட்டுப் போயிடும். வீட்டுல படுத்திருந்தா நமக்கு அது நல்ல தூக்கம். கடல்ல இருந்தா வேற கதை. மலேசிய வானிலைத் துறை எச்சரிக்கையில முதல் கட்டமே காத்து 40லேர்ந்து 50 கிலோமீட்டர் வேகம், அலை 3.5 மீட்டர் வரைக்கும்னு வரும், சின்னப் படகுகளுக்கு ஆபத்துன்னு சேர்த்தே போடுவாங்க. அன்னைக்கு அந்த எச்சரிக்கை இல்ல, காலையில இடியோட மழைன்னு மட்டும்தான் இருந்துச்சு. தெக்கோங் அதுக்கே உட்கார்ந்துட்டார்.

அஞ்சரைக்கு வந்துச்சு. ஜெட்டித் தகரம் பறக்குற மாதிரி சத்தம். பசங்க கார்ல உட்கார்ந்து நாசி லெமாக்கைக் காலி பண்ணிட்டானுங்க. எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் தெளிஞ்சு தெக்கோங் கயித்தை அவிழ்த்தார். ஜாக்கெட் போட்டு, படம் எடுத்து, அக்காவுக்கு அனுப்பினோம். அவங்க ஒரு கை கும்பிடுற படம் திருப்பி அனுப்பினாங்க.

கடற்படைத் தளத்தைத் தாண்டி, தெலுக் ரூபியா இரும்புத்தாது ஜெட்டியைத் தாண்டும்போது பெரிய கப்பல் ஒண்ணு நின்னுச்சு. அந்த ரகக் கப்பல் கிட்டத்தட்ட 360 மீட்டர் நீளம். அதுக்குப் பக்கத்துல நம்ம 26 அடி ஃபைபர் போட் செருப்பு மாதிரி. அதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டு வந்த பசங்க தீவு மறைவு முடிஞ்சதும் சத்தம் அடங்கிட்டானுங்க. காத்து போயிடுச்சு, ஆனா அது கிளப்பின அலை போகல. நம்ம நீரிணைத் தண்ணி ஆழம் கம்மி, அலை குட்டையா, செங்குத்தா, ஒண்ணு மேல ஒண்ணா வரும். ஏறி இறங்கி மூச்சு விடறதுக்குள்ள அடுத்தது. தெக்கோங் நேரா ஓட்டவே இல்ல, குறுக்கா நெளிச்சு நெளிச்சுத்தான் ஓட்டினார்.

மாமா பதினைஞ்சாவது நிமிஷமே வாந்தி. வாய்ல அசாம்போய் போட்டு, கண்ணை மூடாம தூரத்துல மலையைப் பாருங்கன்னு தெக்கோங் சொன்னார். அவரும் பங்கோர் மலையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

செம்பிலான் தீவுகளுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஒரு துக்குன்ல முதல்ல நிறுத்தினோம். துக்குன்னா செயற்கைப் பாறை. மலேசியாவுல மீன்வளத் துறை 1975லேயே பழைய டயரைக் கட்டிக் கடல்ல இறக்க ஆரம்பிச்சாங்க, இப்ப கான்கிரீட். மண்ணும் சேறுமா கிடக்கிற அடித்தளத்துல ஏதோ ஒண்ணு நிமிர்ந்து நின்னா போதும், சிப்பி ஒட்டும், சின்ன மீன் ஒதுங்கும், அதைத் தின்ன பெருசு வரும். அத்துமீறி வந்து பிடிபட்ட வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளைக் கூட கடல் அமலாக்கத்துக்காரங்க இப்படி மூழ்கடிக்கிறது உண்டு. பெரிய இழுவலைக்காரங்க இந்த இடத்துல வலை போட்டா வலை கிழிஞ்சுடும், அதனால ஒதுங்கிப் போவாங்க. சின்ன மீனவங்களுக்கு அது ரெட்டை லாபம். அங்கே கெம்போங், செலார்னு இரைக்கு உயிர் மீன் பிடிச்சுக்கிட்டோம்.

பிறகு மேற்கே இன்னும் முக்கால் மணி நேரம். அங்கேதான் கப்பல் கிடக்கிற இடம். கிட்ட போனதும் தெக்கோங் ஜிபிஎஸ் மேல துண்டைப் போட்டு மூடிட்டார். பசங்க சிரிச்சானுங்க, அவர் சிரிக்கல. முப்பது வருஷமா தேடிச் சேர்த்த இடங்கள், அதுதான் அவர் சொத்து. (அதனால இடம் எங்கேன்னு என்னைக் கேட்காதீங்க, எனக்கு உண்மையிலேயே தெரியாது.)

அது என்ன கப்பல்னு கேட்டேன். ஜெட்டியில எல்லாரும் ஜப்பான்காரன் போர்க்கப்பல்னு சொல்வாங்களாம். "இல்ல, ஒரு பழைய இழுவைப் படகு, அவ்வளவுதான்"ன்னார். ஜப்பான் கப்பல்கள் நம்ம நீரிணையில கிடக்கிறது பொய் இல்ல. கூமாங்கிற கப்பலை 1944 ஜனவரியில பினாங்கு பக்கம் பிரிட்டிஷ் நீர்மூழ்கி அடிச்சது, ஹாகுரோ 1945 மே மாசம் மூழ்கினது. கிழக்குக் கரையில குவாந்தான் பக்கம் 1941 டிசம்பர் 10 அன்னைக்கு ரெண்டு பெரிய பிரிட்டிஷ் கப்பல்ல 840 பேர் போனாங்க. அந்த மாதிரிக் கப்பல்களோட இரும்பையெல்லாம் இப்ப திருட்டுத்தனமா அள்ளிட்டுப் போறானுங்க. எனக்கு அது கோபம் வர்ற விஷயம். உள்ளே எலும்பு இருக்கிற இடம் அது. மீனுக்கும் வீடு போச்சு. சரி, அது வேற பதிவு.

நங்கூரம் போடுறதுலதான் தெக்கோங்கோட வித்தை. கப்பலுக்கு நேர் மேல நிறுத்தினா தூண்டியெல்லாம் இரும்புல மாட்டும். நீரோட்டம் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்து, மேல்பக்கமா நங்கூரத்தைப் போட்டு, கயித்தை விட்டு விட்டு வந்து கப்பலோட ஓரத்துல நிக்கணும். ஆழம் நாப்பது மீட்டருக்கு மேல. அவர் நங்கூரம் கடையில வாங்கினது இல்ல, கட்டடக் கம்பியை வளைச்சு நாலு கொக்கி வச்சுப் பண்ணது.

கீழே தூண்டி போன அஞ்சாவது நிமிஷம் முதல் மீன். கெராப்பு. அப்புறம் ஒரு ஈக்கான் மேரா, வயிறு வாய் வழியா பலூன் மாதிரி பிதுங்கி வந்துச்சு. அவ்வளவு ஆழத்துலேர்ந்து ஏறும்போது உள்ளே இருக்கிற காத்து விரியறதால அப்படி. ஒரு சீலா. உள்ளங்கை அளவு கெராப்பு ரெண்டை உடனே திருப்பி விடச் சொன்னார். ஒரு மணி நேரத்துல ஐஸ் பெட்டி பாதி. மாமா கூட எழுந்து உட்கார்ந்து ஒரு செலார் பிடிச்சார்.

பதினொண்ணு இருக்கும். மீன் நல்லா எடுக்குது. திடீர்னு காத்து நின்னுச்சு. வெயில் அப்படியே இருக்கு, ஆனா கழுத்துல ஜில்லுனு ஒரு காத்து தொட்டுட்டுப் போச்சு. தெக்கோங் தூண்டியைச் சுத்த ஆரம்பிச்சுட்டார். மேற்கே அடிவானத்துல ஒரு கருப்பு, பாய் சுருட்டி வச்ச மாதிரி, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும். சுமத்ரா ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வரணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல.

"பாலேக்," அவ்வளவுதான் சொன்னார். திரும்பலாம்.

சரியா அப்பதான் நம்ம வெல்டிங் தம்பிக்குப் பெருசா ஒண்ணு மாட்டுச்சு. ராட் வளைஞ்சு தண்ணியைத் தொடுது, ரீல் கத்துது. அவன் வாழ்க்கையில அப்படி ஒண்ணு மாட்டினதில்ல. எல்லாரும் அவனையே பார்க்கிறோம். தெக்கோங் மட்டும் முன்னாடி போய் நங்கூரக் கயித்தை இழுத்துப் பார்த்தார். வரல. இன்ஜினைப் போட்டு முன்னாடி தள்ளி, வேற கோணத்துல இழுத்தார். வரல. கொக்கி இரும்புக்குள்ள எங்கேயோ பூட்டிக்கிச்சு. அதுக்குள்ள அலை வந்துடுச்சு. ஒவ்வொரு அலைக்கும் போட்டோட மூக்கு மேல ஏறணும், ஆனா கயிறு பிடிச்சு வச்சிருக்கிறதால ஏற முடியாம அழுத்துது, தண்ணி உள்ளே சாயுது.

இன்னொரு தம்பி நல்ல எண்ணத்துலதான், கயித்தைப் பின்னாடி கொண்டு போய்க் கட்டினா இன்ஜின் பலத்துல இழுத்துடலாம்னு தூக்கிட்டு ஓடினான். தெக்கோங் அன்னைக்கு ஒரே ஒரு தடவைதான் கத்தினார். "ஜாங்கான்!" போட்டோட பின்பக்கம்தான் தாழ்வு, கனமும் அங்கேதான். அங்கே கட்டி, அலை பின்னாலேர்ந்து வந்தா ரெண்டே அலையில நிறைஞ்சுடும். பல படகு அப்படித்தான் போயிருக்குன்னு அப்புறம் சொன்னார்.

முன்பக்கக் கம்பியில டேப் சுத்தி ஒரு கத்தி எப்பவும் கட்டியிருக்கும். அதை எடுத்தார், கயித்தை ஒரே வெட்டு. நூறு மீட்டர் கயிறும் நங்கூரமும் போச்சு. திரும்பி ரெண்டு எட்டு வச்சு வந்து, நம்ம தம்பியோட தூண்டி நூலையும் வெட்டினார். கேட்கக் கூட இல்ல. ராட் சடார்னு நிமிர்ந்துச்சு. தம்பி முகத்தை நான் இன்னும் மறக்கல. "அண்ணே, இன்னும் ரெண்டு நிமிஷம்தான்…" தெக்கோங் ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டே, "ஏசோக் லாவுத் அடா லாகி"ன்னார். நாளைக்கும் கடல் இருக்கும்.

செம்பிலான் தீவுகளுக்கு வழக்கமா முப்பது நிமிஷம் கூட ஆகாதாம். ஐம்பது நிமிஷம் ஆச்சு. பாதி வழியிலேயே மழைச்சுவர் எங்களைப் பிடிச்சுடுச்சு. முன்னாடி இருக்கிறவன் முதுகு தெரியல. மாமா என் ஜாக்கெட் வாரை ஒரு கையில, போட் கம்பியை இன்னொரு கையில பிடிச்சுக்கிட்டு காளியம்மா, காளியம்மான்னு சொல்லிக்கிட்டே வந்தார். நானும் சொன்னேன். பக்கத்துல தெக்கோங்கும் ஏதோ ஓதிக்கிட்டுத்தான் ஓட்டினார்.

ரும்பியா தீவோட கிழக்குப் பக்கம் ஒதுங்கினோம். அங்கே ஏற்கெனவே மூணு படகு. மலை காத்தைத் தடுத்துக்கிச்சு, அந்தப் பக்கம் கடல் கொதிக்குது, இந்தப் பக்கம் குளம். எங்களுக்கு நங்கூரம் இல்லாததால பக்கத்துப் படகோட ஒரு சீனத் தாத்தா கயிறு வீசிக் கட்டிக்கிட்டார். ஒரு டப்பா கொங் பியாவும் தூக்கிப் போட்டார். நம்ம ஊர் ரொட்டி, மழைத்தண்ணியில நனைஞ்சும் நல்லாத்தான் இருந்துச்சு.

அங்கே உட்கார்ந்துதான் மாமா பேசினார். அவங்க அப்பா நாகப்பட்டினத்துலேர்ந்து ரஜூலா கப்பல்ல வந்தவராம். இதே நீரிணை வழியாத்தான் வந்திருக்கணும். அத்தனை நாளும் கீழ்த்தட்டுல வாந்தி. பினாங்குல இறங்கினவர், சாகிற வரைக்கும் கடல் பக்கமே போகலையாம். தெலுக் பாத்தேக்குக்குத் தோட்டமே லாரி கட்டிட்டுப் போனாலும் அவர் மட்டும் லயத்துல இருந்துக்குவாராம். "ஏன்பா வரலைன்னு கேட்டா, பார்த்தாச்சுன்னு மட்டும் சொல்வார்டா." சொல்லிட்டு மாமா தண்ணியையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

அந்த இடத்துல போன் லைன் இல்ல. மணி ஒண்ணேகால், ஒண்ணரை, ரெண்டு. எனக்கு மீன் ஞாபகமே இல்ல, அக்கா ஞாபகம்தான்.

மூணு மணிக்குத் தீவை விட்டோம். ஜானமஞ்சோங் மின்நிலையத்துப் புகைபோக்கி தெரிஞ்ச பிறகுதான் போன் உயிர் வந்துச்சு. ஒம்பது மிஸ்டு கால், எல்லாம் ஒரே நம்பர். போன் பண்ணினேன். முதல் மணியிலேயே எடுத்தாங்க. "அஞ்சு பேரும்?" "அஞ்சு பேரும், அக்கா." அந்தப் பக்கம் சத்தமே இல்ல. பிறகு, "சரி, பூ கட்டணும்"னு வச்சுட்டாங்க.

மீன் எல்லா வீட்டுக்கும் போச்சு. பசங்க அன்னைக்கு ராத்திரியே குழம்பு. மாமா பாவம், திங்கள் சிவனுக்கு, செவ்வாய் அம்மனுக்குன்னு விட்டு, புதன்கிழமைதான் சாப்பிட்டார்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். தெக்கோங் நம்பர் வேணும்னா கொடுக்கிறேன். ஆனா அவர் போகலாம்னு சொல்ற நாள்லதான் போகணும், திரும்பலாம்னு சொன்னா திரும்பணும். காசு கொடுத்துட்டோமேன்னு அவர் கிட்ட வாதாடுற ஆளுக்கு நான் நம்பர் தர மாட்டேன். ஜாக்கெட்டை ஜெட்டியிலேயே போட்டுக்கணும். எங்கே போறீங்க, எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னு கரையில ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும். சொன்ன நேரம் தாண்டி ஆள் வரலைன்னா அவங்க 999 அடிக்கட்டும், கடல் அமலாக்கத்துக்கும் அது வழியாவே போகும்.

கயித்துக்கும் நங்கூரத்துக்கும் காசு கொடுத்தோம், அவர் கயித்துக்கு மட்டும் வாங்கிக்கிட்டார். நங்கூரத்துக்கு வேணாம்னுட்டார். அதனால வெல்டிங் தம்பி, திருப்பணியில மிச்சமான கம்பியில (தலைவர் கிட்ட கேட்டு, கணக்குல எழுதிட்டுத்தான் எடுத்தோம்) ரெண்டு நாள் உட்கார்ந்து புது நங்கூரம் ஒண்ணு பண்ணினான். நாலு கொக்கி, சுத்தமான வேலை, சில்வர் பெயிண்ட் வேற. சனிக்கிழமை கொண்டு போய்க் கொடுத்தோம். தெக்கோங் கையில வாங்கி, ஒரு கொக்கியைத் தரையில ஊன்றி மிதிச்சுப் பார்த்தார். அசையல. "கெராஸ் சாங்காட்"ன்னு சிரிச்சார். ரொம்ப உறுதியாம். இரும்புல மாட்டினா இழுக்கிற இழுப்புல கொக்கி நிமிர்ந்து கழண்டு வரணுமாம், அதுக்குத்தான் அவர் மெல்லிசுக் கம்பியில பண்றதாம். இவன் பண்ணது 12 மில்லி.

10 மில்லி கம்பி யார் வீட்டிலாவது ரெண்டு மூணு துண்டு மிச்சம் இருந்தா சொல்லுங்க. தம்பியே வந்து எடுத்துக்குவான்.